புழுச்சாமி

வத்தல்மலையில் ஒரு வீட்டின் பின்புறம், வெட்டுண்ட நாட்டு மாமரத்தின் அடிக்கட்டை ஒன்று ஆள் உயரத்திற்கு நிற்கிறது. சில திங்கள் முன்பு வரை அதற்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் இட்டார்கள், சேலை சுற்றி, பொந்தின் வாயில் விளக்கேற்றினார்கள். அந்தத் தெய்வத்தை உண்டாக்கியவன் நான். அதை இல்லாமல் ஆக்கியவனும் நானே. இவ்விரண்டில் எது பெரிய தவறு என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: யார் சொன்னார் என்று பார்க்காதீர்கள், என்ன சான்று என்று கேளுங்கள். ஓய்வுக்குப் பின் எனக்கென்று எஞ்சியிருந்த வேலை வண்டு தேடுவது. கம்பைநல்லூர்ப் பக்கத்து முதிய புளியமரங்களையும், மலையடிவாரத்து மாந்தோப்புகளையும் பல ஆண்டுகள் சுற்றி வந்து, இறுதியில் நான் தேடியதை வத்தல்மலையில் அந்த ஒரு மரத்தில் கண்டேன்.

தென்னந்தோப்புக்காரர்கள் கண்ட இடத்தில் நசுக்கும் காண்டாமிருக வண்டு அன்று அது. அதற்குத் தலையில் கொம்பு. இதற்கோ தாடைகளே கலைமானின் கொம்புபோல் முன்னே நீண்டு கிளைத்திருக்கும், ஆணுக்கு மட்டும். நலமாக நிற்கும் மரத்தில் இவ்வண்டுக்கு வேலை இல்லை. மரம் முதிர வேண்டும். உள்ளே பொந்து விழ வேண்டும். பூஞ்சை பற்றி, வயிரம் பாய்ந்த கட்டையை ஈரப் பஞ்சுபோல் ஆக்க வேண்டும். அந்த மெத்தையில்தான் தாய் வண்டு முட்டையிடும். புழு அவ்விருட்டுக்குள் அந்த மரத்தையே தின்று ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பின் ஒரு கோடைமழைக்கு வண்டாக வெளியே வந்து, சில வாரங்கள் வாழ்ந்து, மடியும். பட்ட மரம் எதற்கு என்று நாம் வெட்டிவிடுகிறோம். அதனால்தான் இவ்வண்டு அருகிவிட்டது.

மரத்திற்கு உரியவர் ஐம்பதைக் கடந்த உழவர். சாமையும் ராகியும் விதைப்பவர். மேட்டு நிலத்தில் கொஞ்சம் மிளகும் உண்டு. எதையும் எள்ளலாகவே பேசுவார். அவர் மனைவி அதற்கு நேர்மாறு. எடுத்த வேலையை முடிக்கும் வரை உட்கார மாட்டார். ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் நான் அங்குச் செல்வேன். மரத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று மட்டுமே அவர்களிடம் சொல்லியிருந்தேன். வண்டைப் பற்றிச் சொல்லவில்லை.

சொல்லாமைக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். சாலை செப்பனிட்ட பின் ஞாயிறுதோறும் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் அம்மலைக்கு வருகிறார்கள். வேறொரு மலையில் இத்தகைய வண்டுகளைப் பிடித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். செய்தி பரவினால் பொந்தை உடைத்துவிடுவார்கள் என்று அஞ்சினேன். இது உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. இந்த மாவட்டத்தில் அவ்வண்டை அறிந்தவன் நான் ஒருவனே என்பதில் எனக்கு ஒரு களிப்பு இருந்தது. அதைப் பங்கிட மனம் வரவில்லை.

அவர்கள் மரத்தை ஒட்டியே தளம் போட்ட புது வீடு கட்டினார்கள். அதற்குப் பின் நான் சென்றபோது உழவர் சொன்னார்:

“மரத்த அறுத்துடலாம்னு இருக்கறோம் சார். காயும் புடிக்கல, உள்ளாற பூரா ஓட்ட. ஒரு காத்தடிச்சா வூட்டு மேலதான் படுக்கும்.”

மறுக்க எனக்கு உரிமை இல்லை. சாயக்கூடிய மரத்தின் கீழே ஒரு குடும்பத்தைப் படுத்துறங்கச் சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. ஆகவே, “அடிமரத்தை மட்டும் ஆள் உயரத்திற்கு விட்டுவிட இயலுமா?” என்று கேட்டேன்.

“எதுக்குங்க? மாடு கட்டக்கூட ஆவாதுங்களே அது.”

“எனக்காக.”

“உங்களுக்காகன்னா வுட்டுடலாம். ஏ புள்ள, வாத்தியாருக்கு ஒரு மொட்ட மரம் வேணுமாம், குறிச்சு வச்சுக்க.”

இயந்திர வாளைத் தொடுமுன் அவர் மனைவி மரத்தின் முன் கற்பூரம் ஏற்றி, “பொறுத்துக்க தாயி” என்று தொட்டுக் கும்பிட்டார். பெரிய மரத்தைச் சொல்லாமல் வெட்டுவது அவர்களிடம் வழக்கமில்லை. அன்று மாலை கிளைகள் யாவும் தரையில் கிடக்க, அடிக்கட்டை மட்டும் நின்றது. அப்போதுதான் எனக்கு அடுத்த கவலை தோன்றியது. இதுவரை மரத்தின் நிழலே பொந்தைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது. இனிக் கோடை வெயில் நேரே விழும். கட்டை உலர்ந்தால் பூஞ்சை மடியும். பூஞ்சை மடிந்தால் புழு பட்டினி கிடக்கும்.

உழவரின் மனைவியிடம் கேட்டேன்: “அம்மா, கோடையில் நாள்தோறும் இதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவீர்களா? காளான் படர்ந்திருக்கும் இந்தப் பக்கம். பொந்துக்குள் எவரும் கைவிட வேண்டாம்.”

“பட்ட மரத்துக்குங்களா?”

“காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.”

கோடையில் அவ்வூரில் குழாய்த் தண்ணீர் வரும் நாள் குறைவு. சரிவில் இறங்கிக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஏற வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். அவர் மறு கேள்வி கேட்காமல் தலையசைத்தார்.

அதன்பின் எனக்கு முழங்காலில் அறுவை செய்தார்கள். மலைப்பக்கம் போக இயலாமல் பல திங்கள் வீட்டிலேயே கிடந்தேன். ஊன்றுகோலோடு மீண்டும் அங்குச் சென்று இறங்கிய நாளில், வீட்டுப் பின்புறம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். கட்டை முழுதும் மஞ்சள். இடுப்பில் சிவப்புக் கரையிட்ட சேலை. பொந்தின் வாயில் வேப்பெண்ணெய் விளக்கு. அதன் புகை உட்சுவரைக் கருக்கியிருந்தது. காளான் அடுக்குகளின்மேல் மஞ்சள் தூள் அப்பிக் கிடந்தது.

“வாங்க ஐயா, வாங்க. செருப்ப அங்கியே வுட்டுட்டு வாங்க” என்று அந்த அம்மா ஓடி வந்தார். “நீங்க சொன்ன மாதிரி ஒரு நாளுகூடத் தண்ணி தவறல.”

“இதெல்லாம் என்ன அம்மா?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே! மொதல்ல கண்டதே நீங்கதான? செருப்பக் கழட்டிட்டு, மண்டி போட்டு, கண்ண மூடிக்கிட்டு, மரத்துல காத வச்சுக்கிட்டு அப்பிடியே கெடப்பீங்களே. ஊரே பாத்துச்சு. எனக்குத்தான் புத்தி வர நாளாச்சு.”

அவர் சொன்னது அத்தனையும் மெய். இப்புழுக்கள் கால்களை ஒன்றோடொன்று உரசி மெல்லிய அரவம் எழுப்பும். அதைக் கேட்கத்தான் கட்டையில் காது வைப்பேன். காலடி அதிர்வில் அவை அடங்கிவிடும் என்பதால் செருப்பைக் கழற்றுவேன். ஓசை தெளிவாகக் கேட்க வேண்டுமென்று கண்ணை மூடுவேன். படித்தவர் ஒருவர் மலையேறி வந்து இவ்வளவும் செய்து, காரணமும் சொல்லாமல், நாள்தோறும் நீர் வார்க்கச் சொன்னால் வேறு எப்படித்தான் எண்ணுவார்கள்?

“சாமி என்னா பேசுதாம்?” என்றார் கணவர், ராகி புடைத்துக்கொண்டே. “வாத்தியாருகிட்டன்னா ரேடியோ செய்தி மாதிரி செந்தமிழ்லதான் பேசும்.”

“நீங்க வாய மூடுங்க. கேலி பேசற வாயி வெந்துபோவும்.” பின் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “எம்பொண்ணு வந்திருக்குதுங்க ஐயா. ஓசூர்ல கட்டிக் குடுத்த புள்ள. ரெண்டு தடவ தங்காமப் போயிருச்சு. இங்க வந்து தண்ணி ஊத்த ஆரம்பிச்சதுக்கப்பறம் இந்தத் தடவ நின்னுருக்குது.”

வாயிற்படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கையை வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாயின் முகத்தில் இருந்த உறுதி அச்சிரிப்பில் இல்லை. கடன் கேட்க வந்தவள்போல் ஒரு தயக்கம் இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். என் கண்ணோ காளானின்மேல் இருந்தது. மஞ்சள் பூஞ்சையைக் கொல்லும். புகை புழுவைக் கொல்லும். இரண்டும் உடனே நிற்க வேண்டும் என்பது ஒன்றே என் நெஞ்சில் இருந்தது. “மஞ்சள் வேண்டாம் அம்மா. விளக்கும் புகையும் வேண்டாம். தண்ணீர் மட்டும் போதும்” என்றேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “சாமி அப்பிடிச் சொல்லுதுங்களா?”

“ஆம்” என்றேன்.

அன்று மாலையே விளக்கை எடுத்துவிட்டார். மஞ்சளைத் தன் முந்தானையால் துடைத்தார். கீழே இறங்கும் பேருந்தில் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். எந்தச் சான்றும் இன்றி என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒருவர் தம் வழிபாட்டையே மாற்றிக்கொண்டார். அவர் அப்படி நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. புழுக்கள் பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில் அலைபேசி ஒலித்தது. பேசியவர் அம்மலைக்குப் பொறுப்பான கிராமச் செவிலியர்.

“சார், நீங்கதான் அந்த மரச்சாமி வாத்தியாருங்களா?”

“சொல்லுங்கள்” என்றேன்.

“அந்தப் பொண்ணுக்கு பிரஷர் ரொம்ப ஏறியிருக்குது சார். கால் ரெண்டும் வீங்கியிருக்குது. கீழ பெரிய ஆஸ்பத்திரில வந்து படுக்கச் சொன்னா அம்மாக்காரி வுட மாட்டேங்கறாங்க. மல எறங்குனா சாமி காவல் போயிருமாம். சாமிக்கு வேணும்னா வாத்தியாரு வாயால சொல்லும், அது சொல்லட்டும்னு உக்காந்திருக்காங்க. மஞ்சளே வேணாம்னு உங்க மூலமா சொல்லுச்சாமே? நான் இந்த வேலைல எத்தனையோ சாமியப் பாத்துட்டேன் சார். போன் நம்பர் இருக்கற சாமிய இப்பத்தான் பாக்கறேன். தயவுபண்ணி வாங்க.”

அடுத்த பேருந்தில் ஏறினேன். வழி நெடுக ஒரு சொற்றொடரை நெஞ்சுக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன்: ‘மகளைக் கீழே அழைத்துச் செல், காவல் உடன் வரும் என்று தெய்வம் சொல்கிறது.’ இதைச் சொல்லிவிட்டால் பெண் மருத்துவமனைக்குப் போவாள், தாய் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தமாட்டார், புழுக்களும் பிழைக்கும். எல்லாரும் காக்கப்படுவார்கள். இத்தனை எளிதாக ஒரு பொய் பொருந்தியதே என்னை அச்சுறுத்தியது. ஆயினும் அதைச் சொல்வதென்றே முடிவு செய்திருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. உண்மையை நாடி நான் அம்மலை ஏறவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தாயும் செவிலியரும் கட்டையின் அருகே காத்து நின்றார்கள். கணவர் சற்றுத் தள்ளி, அன்று எள்ளல் ஏதுமின்றி, வேலிக்கழியைப் பிடித்தபடி நின்றார். நான் செருப்பைக் கழற்றினேன். அப்போது வாயிற்படியிலிருந்து அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். முகம் உப்பியிருந்தது.

“அம்மா, நீ செத்த சும்மா இரு” என்றாள். பிறகு என்னிடம், “சாமி சொல்லுதுன்னு சொல்லாதீங்க சார். நீங்க சொல்லுங்க. நெசமாவே உள்ள ஏதாவது இருக்குதா? என்னையப் பாத்துக்குதா? இங்க இருந்தா செத்துருவனா, கீழ போனா செத்துருவனா, அதுதான் எனக்குத் தெரியணும். ராத்திரியெல்லாம் அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன்” என்றாள்.

செதுக்கி வைத்திருந்த சொற்றொடரை நான் சொல்லவில்லை.

கைவிளக்கை எடுத்தேன். பொந்தின் வாயில் முழங்காலை மடக்க இயலாமல் குனிந்து, மெத்தென்றிருந்த கட்டைத் துகளை விரலால் விலக்கினேன். அடியில் ஒன்று வளைந்து கிடந்தது. வெண்ணிற உடல், செம்பழுப்புத் தலை. விளக்கொளி பட்டதும் மெல்ல நெளிந்தது.

“இதுதான் உள்ளே இருக்கிறது” என்றேன். “இது வண்டின் புழு. அரிய வண்டு. இதைக் காக்கத்தான் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இது கால்களை உரசும் ஓசையைக் கேட்கத்தான் காது வைத்தேன். எந்தத் தெய்வமும் என்னிடம் பேசவில்லை. மஞ்சளை நிறுத்தச் சொன்னதும் இதற்காகத்தான். உன்னை இது காக்காது. மருத்துவர்தான் காக்க இயலும். இன்றே கீழே போ.”

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

முதலில் பேசியவர் தந்தை. “எருக்குழியில கெடக்கற புழு மாதிரியில்ல இருக்குது. கோழிக்குப் போடுவமே, அது.” பிறகு பழக்கத்தில் அவர் வாய் தானே ஓடியது. “ஏ புள்ள, புழுவுக்குப் பொடவ சாத்துனவ இந்த மலையிலயே நீ ஒருத்திதான்...” மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சினம் கொண்டு ஏசியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அவர் கேட்டது வேறு. “அன்னிக்கு நான் கேட்டனே ஐயா, சாமி சொல்லுதான்னு. ஆமான்னீங்களே.”

விலக்கிய துகளைப் புழுவின்மேல் மீண்டும் மூடினேன்.

“அம்மா, எந்திரி. வண்டிக்குச் சொல்லு” என்றாள் மகள். அவள் குரலில் அச்சம் இருந்தது; தயக்கம் இல்லை. அரை மணிப்பொழுதில் ஊரிலிருந்த சரக்கு வண்டி ஒன்றில் பாய் விரித்து அவளை ஏற்றினார்கள். செவிலியர் உடன் ஏறிக்கொண்டார். தாய் ஒரு துணிப்பையோடு ஏறி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி புறப்படும் வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் பிழைத்துக்கொண்டது. பெற்றவளும் நலம். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் இருவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று செவிலியர் தொலைபேசியில் சொன்னார். எனக்கு நன்றியும் சொன்னார். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தத் தாமதமே என் ஒற்றைச் சொல்லால் வந்தது என்பதை அவர் அறியாதவர் அல்லர். சொல்லாமல் விட்டது அவர் பண்பு.

கோடை முற்றிய பின் ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மலைக்குச் சென்றேன். பேருந்து நிற்கும் இடத்தில் தேநீர்க் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, அருகிலிருந்தவரிடம், “புழுச்சாமி வூட்டுக்குப் போறாரு” என்றார். கேட்டவர் சிரித்தார். அப்பெயர் ஊர் முழுதும் நிலைத்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். குழாயடியில் அந்த அம்மா குடத்தை வைத்தால், “புழுவுக்கா, வூட்டுக்கா அக்கா?” என்று கேட்கிறார்களாம். முன்பு தம் பிள்ளைகளின் நோய் தீர அந்தக் கட்டைக்குச் சேலை கொண்டுவந்து கொடுத்தவர்களே இப்படிக் கேட்கிறார்களாம்.

வீட்டில் அந்த அம்மா மட்டும் இருந்தார். கணவர் காட்டுக்குப் போயிருந்தார். மகளும் பேத்தியும் ஓசூர் போய்விட்டார்களாம். “நல்லா இருக்குதுங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பின்புறம் சென்றேன். கட்டையில் சேலை இல்லை. பட்டை வெடித்து, வெயில் பட்ட பக்கம் சாம்பல் நிறமாகிவிட்டது. காளான் அடுக்குகள் விளிம்பு சுருண்டு, தொட்டால் உதிர்ந்தன. பொந்துக்குள் விரல் விட்டேன். மேலே துகள் உலர்ந்திருந்தது. ஆழத்தில் ஒரு சிறு ஈரம் இருப்பதுபோல் பட்டது. அல்லது என் விரலின் வியர்வையோ. மேலும் தோண்டினால் இருக்கும் ஈரமும் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டேன். ஒரு குடம் தண்ணீர் போதும். வாரம் இரண்டு குடம் ஊற்றினால் மழைவரை தாங்கும். ஆனால் அந்த ஊரில் தண்ணீர் கேட்க எனக்கு இருந்த ஒரே வீடு இதுதான். இந்த வீட்டில் கேட்க இனி எனக்கு வாய் ஏது?

பின்னால் அரவம் கேட்டது. அந்த அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து, என் அருகே கல்லின்மேல் வைத்தார்.

“குடிக்கறதா இருந்தாலும் குடிங்க. அதுக்கு ஊத்தறதா இருந்தாலும் ஊத்துங்க” என்றார். “எங்கிட்ட இவ்ளதான் இருக்குது. கொழா வந்து நாலு நாளாச்சு.”

போய்விடுவார் என்று எண்ணினேன். போகவில்லை, அங்கேயே நின்றார். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க நின்றாரா, செம்பைத் திருப்பி எடுத்துப்போக நின்றாரா, தெரியவில்லை. மேட்டில் ஏறி வந்ததில் எனக்கு நா உலர்ந்திருந்தது. கட்டைக்குள் ஒருவேளை இன்னும் ஒன்றிரண்டு உயிரோடு இருக்கலாம். செம்பைக் கையில் எடுத்தேன். அவர் கண்முன்னே, அவர் சுமந்து வந்த தண்ணீரை, அந்தப் பொந்தில் ஊற்ற என் கை எழவில்லை.

குடித்தேன். முழுவதையும் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தேன். அவர் வாங்கி, அடியில் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே போனார்.